கடுகண்ணாவைக் கணவாய் வீதி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி, மாவனல்லையைத் தாண்டிக் கணேதென்னையை அடைந்தவுடன் தன் இயல்பை மாற்றிக்கொள்கின்றது. அதுவரை தென்னந்தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் ஊடாக ஓடிவந்த வீதி, அங்கிருந்து மலையின் தோளைப் பற்றி வளைந்து வளைந்து மேலேறுகின்றது. ஒருபுறம் வெட்டிய பாறைச் சுவர். மறுபுறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. அதற்கப்பால் ஆங்கிலேயர் விவிலியப் பாறை எனப் பெயரிட்ட பத்தலேகலைக் குன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்குன்று வேறொரு கோணத்திற் காட்சி தந்து, கீழிறங்கிச் செல்வது போலத் தோன்றும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 அடி உயரத்தில் உள்ள கடுகண்ணாவையில் ஏற்றம் முடிவுறுகின்றது.

இக்காட்சியை வியந்து எழுதிய பிரயாணிகள் பலர். ஆயின் அவர்கள் அழகெனக் கண்ட மலையும் காடும் பள்ளமும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அரசின் மதில்களாக நின்றவை. இவ்வீதியின் வரலாறு அம்மதில் உடைந்த வரலாறாகும். உடைத்த கைகளோ பெரும்பாலும் பகைவர் கைகள் அல்ல. அம்மதிலுக்குள் வாழ்ந்த குடிகளின் கைகளே. இதனை மனத்திற் கொள்ளாது அவ்வழியே செல்வோன் அதன் ஒரு பாதியையே காண்பான்.

நீரும் நிலமும் மலையும் காடும் உடையதே அரண் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். கண்டி இராச்சியத்துக்கு இந்நான்கும் இயற்கையாகவே வாய்த்திருந்தன. அரசர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: அவற்றைக் கெடாமற் காத்தல். ஆகவே நல்ல பாதை அமைத்தல் அங்கு அரசியற் பிழையாயிற்று. தலைநகரை நோக்கிய வழிகள் யாவும் ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகளாகவே விடப்பட்டன. பொதி சுமப்போரும், தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களும் செல்ல அவை போதுமாயிருந்தன. பீரங்கி வண்டி செல்லப் போதா. மலைவாயில்களிற் கடவத்தை எனப்படும் காவலிடங்கள் இருந்தன. முள்ளாற் செய்த கதவுகளைக் கொண்டு அவற்றை அடைத்து, வருவோர் போவோரை விசாரித்தனர். மேற்குத் திசையில் இவ்வாறமைந்த காவலிடங்களுட் சிறந்தது பலன. அப்பெயருக்குச் சிங்களத்திற் பார்த்தல் என்பதே பொருள். கடுகண்ணாவைக்கு அணித்தாயுள்ள அம்முகட்டில் நின்று பார்ப்போனுக்குத் தாழ்நாட்டினின்று வரும் படை வெகுதூரத்திலேயே புலப்படும்.

இவ்வரணின் வலிமையைப் பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக அறிந்தனர். 1594இல் பேதுரு லோப்பஸ் த சூசா என்னும் போர்த்துக்கேயத் தளபதியின் சேனை தந்துரை என்னுமிடத்தில் அழிந்தது. 1638இல் மற்றொரு சேனை கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கனால் ஒழிக்கப்பட்டது. இவ்விரு போர்க்களங்களும் கடுகண்ணாவைக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பிலேயே உள்ளன என்பது கருதத்தக்கது. உள்ளே வருதல் அரிதன்று. வந்தபின் உணவும் வெடிமருந்தும் பின்தொடர வழியின்மையால் மீளுதலே அரிதாயிற்று. 1765இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தும் அதில் நிலைக்க இயலாது வெளியேறினர். 1803இல் ஆங்கிலேயர் வெறுமையாய்க் கிடந்த தலைநகரிற் புகுந்தனர். காய்ச்சலும் பசியும் அவர்களை அரைவாசியாக்கிய பின், மேஜர் டேவி என்பவரின் கீழ் எஞ்சி நின்றோர் அவ்வாண்டு யூன் மாதத்திற் கொல்லப்பட்டனர்.

1815இற் கண்டி வீழ்ந்ததும் போரின் வலிமையால் அன்று. பிரதானிகள் அரசனைக் கைவிட்டமையே அதற்கு முதற் காரணம். மதுரை நாயக்கர் உறவுடைய இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் பெப்ரவரி மாதத்திற் பிடிபட்டான்; மார்ச் 2ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; மறு ஆண்டு அவன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டான். ஆனால் நாட்டைப் பெறுதல் வேறு, வைத்திருத்தல் வேறு என்பதனை 1817ஆம் ஆண்டில் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி காட்டியது. ஓராண்டுக்கு மேல் நீடித்த அப்போரில் ஆங்கிலப் படையை வருத்தியது எதிரியின் அம்பும் துப்பாக்கியும் மட்டுமல்ல. நோயும், பாதையின்மையும், ஒவ்வொரு மூடை அரிசியையும் மனிதர் தோளிற் சுமந்தே கொண்டுசெல்ல வேண்டியிருந்த நிலையுமாகும். பயிரையும் ஊரையும் எரித்துக் கிளர்ச்சியை அடக்கிய தேசாதிபதி பிரௌன்றிக், 1818 நவம்பர் 21ஆந் திகதி ஒரு பிரகடனம் வெளியிட்டார். பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்ததாலேயே அப்பிரகடனம் வரலாற்று நூல்களிற் பெரிதும் பேசப்படுகின்றது. வீதியின் வரலாற்றுக்கு முக்கியமானதோ அதிலுள்ள வேறொரு விதி: வீதிகளையும் பாலங்களையும் அமைத்தலும் செப்பனிடுதலும், அவை அமையும் மாகாணத்து மக்கள் ஊதியமின்றிச் செய்தற்குரிய பொதுச்சேவை என்பது.

இவ்விதி வெறும் வெளியிலிருந்து வந்த கட்டளையன்று. பழைய வேரிலே ஒட்டிய புதிய ஒட்டு. கண்டி நாட்டிற் காணி வைத்திருந்தோன் அக்காணிக்கு ஈடாக அரசனுக்குச் சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தான். இராசகாரியம் என்பது அதற்குப் பெயர். ஒருவன் போருக்குச் செல்வான். ஒருவன் மட்பாண்டம் வனைந்து கொடுப்பான். ஒருவன் யானைப் பந்திக்குத் தழை கொணர்வான். சேவை கடினமாயினும் அதற்கு எல்லையிருந்தது. எல்லையை வகுத்தது வழக்கம். அரசன் போய் ஆங்கிலேயர் வந்தபின் வழக்கம் தளர்ந்தது, கடமை மட்டும் நின்றது. பழைய அரசர் ஒருபோதும் கேளாத ஒரு சேவையை, அதாவது மலையை உடைத்துப் பெருவீதி போடுதலை, அவர்கள் விட்டுச்சென்ற உரிமையின் பெயராலேயே புதிய அரசு கேட்டது.

அவ்வாறு கேட்டவர் சேர் எட்வேட் பாண்ஸ். வாட்டர்லூப் போரிற் கடுங்காயமுற்ற அப்போர்வீரர், 1820 முதல் 1822 வரை பதிற் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இலங்கையை ஆண்டார். கண்டியை அடக்கிவைக்கக் கோட்டைகளைக் கட்டுவதிலும் வீதிகளைத் திறப்பதே சிறந்தது என அவர் கண்டார். படைவீரன் கண்ட உண்மை அது, மறுக்கவியலாதது. அவர் தெரிந்தெடுத்த வழியும் கருதத்தக்கது. பழைய பாதையின் வாயிலாகிய பலனவை விடுத்து, சக்கரங்கள் ஏறத்தக்க சாய்வு கிடைக்கும் கடுகண்ணாவை முகட்டின் வழியாகப் புதிய வீதி கொண்டுசெல்லப்பட்டது. காலாள் காப்பதற்கு உகந்த இடம் ஒன்று; வண்டி ஏறுதற்கு உகந்த இடம் வேறொன்று. அன்றோடு பலன தன் பொருளை இழந்து வெறுங் குன்றாயிற்று.

வேலை 1820இற் தொடங்கியது. தொடங்கியவர்களுள் ஒருவர் பதினாறு வயதுச் சிறுவர். 1804இற் பிறந்து, தந்தையுடன் இலங்கை சேர்ந்து, இளம் வயதிலேயே படையில் அலுவலரான தோமஸ் ஸ்கின்னரிடம் ஏறத்தாழ இருநூறு கண்டி நாட்டு மக்களை ஒப்படைத்து, வீதியின் ஒரு பகுதியைத் திறக்கும்படி பாண்ஸ் கட்டளையிட்டார். வீதியமைக்கும் கலையை அவர் எங்கும் கற்றிருக்கவில்லை. அவ்விருநூற்றுவரும் அத்தகைய வேலையை முன் செய்தவரல்லர். ஆயினும் வேலை நிறைவேறியது. அச்சிறுவர் 1867இல் ஓய்வுபெறும்வரை இலங்கையின் வீதிகளுக்காகவே உழைத்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் அவர் இறந்தபின் 1891இல் நூலாக வெளிவந்தன. அவரது திறமையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. அதேவேளை, கற்றிராத ஓர் இளைஞரும் கற்றிராத இருநூறு பேரும் மலையில் வீதி அமைத்தார்கள் என்றால், அவ்விருநூற்றுவரின் கைத்திறமையும் நிலவறிவும் அவரைத் தாங்கி நின்றன என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. மழைவெள்ளம் எவ்வழியே இறங்கும், எம்மண் வழுக்கும், எப்பாறை உறுதியானது என்பனவற்றை மலைநாட்டு உழவன் அறியாதவனல்லன். படிப்படியாக வயல் வெட்டி நீர் பாய்ச்சியவன் அவன்.

மலைச்சரிவில் வீதி அமைப்பது சமநிலத்தில் அமைப்பதனின்றும் வேறானது. சரிவின் மேற்பக்கத்தை வெட்டி, அம்மண்ணையும் கல்லையும் கீழ்ப்பக்கத்திற் கொட்டினால் பாதித் தளம் வெட்டிய நிலத்திலும் பாதித் தளம் நிரப்பிய நிலத்திலும் அமையும். நிரப்பிய பாதி சரிந்துவிடாமற் கீழிருந்து கல்லாற் சுவர் எழுப்பித் தாங்க வேண்டும். மேலிருந்து வரும் மழைநீர் தளத்தின் குறுக்கே பாய்ந்து அதனை அரியாதபடி மலைப்பக்கத்தில் ஓர் ஓடை வெட்டி, இடையிடையே வீதிக்கு அடியாற் கற்கான் வைத்து நீரைப் பள்ளத்திற்கு அனுப்ப வேண்டும். மலைவீதியின் உயிர் இக்கான்களிலேயே உள்ளது. ஒரு கான் அடைபட்டால் ஒரு மாரியில் வீதியே போய்விடும். மண்வெட்டி, அலவாங்கு, சம்மட்டி, வெடிமருந்து என்பனவன்றி வேறு கருவியில்லாத காலத்தில் இவையெல்லாம் செய்யப்பட்டன. இவ்வேலைகளைத் திட்டமிட்டு நடத்தியவர் கப்டன் டோசன் என்னும் படைப்பொறியியலாளர். அவர் 1829இற் காலமானார்.

கணவாயின் ஓரிடத்திற் பெரும்பாறையொன்று வழியை மறித்தது. அதனைக் குடைந்து வாயில்போலத் துளை செய்து வீதியை அதனூடே செலுத்தினர். இத்துளையைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. பாறையைத் துளைத்து வழி செய்வோன் வரும்வரை கண்டியை அந்நியர் ஆளார் என முன்னோர் கூறியிருந்தனர் என்றும், அதனையறிந்தே ஆங்கிலேயர் பாறையைக் குடைந்தனர் என்றும் சொல்லுவர். காலக்கணக்குக்கு இக்கதை ஒவ்வாது. கண்டி வீழ்ந்தது 1815இல். பாறை துளைபட்டது அதன் பின்னரே. நடந்து முடிந்த தோல்விக்குப் பின்னர் ஒரு காரணம் தேடிய மனங்களிலோ, தம் ஆட்சிக்கு விதியின் ஒப்புதலை நாடியோர் வாயிலோ இக்கதை இவ்வடிவம் பெற்றிருத்தல் வேண்டும். எனினும் கதை முற்றிலும் பொய்யென்பதற்கில்லை. உடன்படிக்கை கைச்சாத்தான நாளிலன்று, பாறை திறந்த நாளிலேதான் கண்டி உண்மையிற் பிறர்கைப்பட்டது என மக்கள் உணர்ந்தனர் போலும்.

ஆறுகளைக் கடக்கவும் வழி வேண்டியிருந்தது. கொழும்புக்கு அணித்தே களனி கங்கைமீது 1822இல் ஓடங்களை வரிசையாகப் பிணைத்து மிதவைப் பாலம் அமைத்தனர். 1895இல் விக்டோரியாப் பாலம் கட்டும்வரை அதுவே தலைநகரின் வாயிலாயிருந்தது. மாவனல்லையில் மகா ஓயாவைக் கடக்கும் வளைவுப் பாலம் 1830களின் தொடக்கத்தில் எழுந்தது. பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தால் அமைத்த பாலமோ அக்கால அற்புதங்களுள் ஒன்று. நடுவிலே தூணில்லாமல் 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாக நின்ற அதில் இரும்பாணி பயன்படவில்லை என்பர். 1833இல் முடிவுற்ற அப்பாலம் 1905இல் இருப்புப் பாலத்துக்கு இடம் விட்டது. எழுபது மாரிகளை மரம் தாங்கியது என்றால் மரத்தின் தன்மையையும் தச்சரின் கைவன்மையையும் ஒருங்கே வியத்தல் தகும்.

இவ்வீதியின் வரலாற்றில் 1832ஆம் ஆண்டு தனித்து நிற்பது. அவ்வாண்டு சனவரி 30ஆந் திகதி கண்டியின் இறுதி மன்னன் வேலூரில் உயிர்நீத்தான். அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி, கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி, அரசாங்கத்துக்குரிய இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலயக் காணிகளுக்குரிய சேவை மட்டும் நின்றது. அவ்வாண்டிலேயே டோசனின் நண்பர்கள் கடுகண்ணாவை முகட்டில் ஏறத்தாழ 125 அடி உயரக் கோபுரத்தை அவர் நினைவாக எழுப்பினர். இவ்வீதியைத் திட்டமிட்டு நிறைவேற்றியது அவரது விஞ்ஞான அறிவும் திறமையும் என அதன் கல்வெட்டுக் கூறும். பாண்ஸுக்கோ கொழும்புக் கோட்டையிற் சிலை உண்டு. தலைநகரிலிருந்து செல்லும் வீதிகளின் தூரத்தை அச்சிலையினின்றே அளந்தனர். மண்வெட்டி பிடித்தோர் பெயரைப் பொறித்த கல் அவ்வழியில் எங்குமில்லை. கட்டாயச் சேவையால் வீதி எழுந்தது. எழுந்து முடிந்த வேளையிற் சட்டம் அச்சேவையைத் தவறெனக் கண்டு நீக்கிற்று. இம்முரண்பாட்டை அக்காலத்தார் எவரும் பெரிதாகப் பேசினரல்லர்.

படைக்காக அமைந்த வீதி விரைவில் வணிகத்தின் கைக்குப் போயிற்று. பாண்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். இராசசிங்கன் போர்த்துக்கேயரை வென்ற களத்தின் அயலிலே கோப்பி பூத்தது. 1840களிற் காடுகள் வேகமாக அழிந்து தோட்டங்களாயின. மாட்டு வண்டிகள் கோப்பி மூடைகளோடு இறங்கி அரிசியோடு ஏறின. அரிசி யாருக்கு? தென்னிந்தியாவினின்று வந்த தமிழ்த் தொழிலாளருக்கு. அவருட் பெரும்பாலோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர். தோட்டங்களில் மட்டுமன்றி, இராசகாரியம் ஒழிந்த பின் ஸ்கின்னரின் கீழிருந்த பயனியர் படைகளிலும் அவர்கள் பெருந்தொகையினராய் உழைத்தனர். மலைநாட்டின் பிற்கால வீதிகள் பல அவர்களுடைய உழைப்பே. கண்டியுழவன் ஊதியமின்றித் தொடங்கிய வேலையை, கடல் கடந்து வந்தவன் சிறு கூலிக்குத் தொடர்ந்தான்.

வீதி வேலையின் கட்டாயமும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1848இல் தேசாதிபதி டொறிங்டன் காலத்தில் இயற்றிய சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் இறுத்தல் வேண்டும் என விதித்தது. காசு கையிலுள்ளோனுக்கு இது சிறு வரி. காசையே அரிதாய்க் கண்ட கிராமத்தானுக்குப் பழைய இராசகாரியம் வேறுருவில் மீண்டு வந்ததாகத் தோன்றியது. வீதிகளிற் பெரும் பயன் பெற்றோர் தோட்டத்துரைமார் என்பதும் அவனுக்குத் தெரியும். துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின்மேல் விதித்த வரிகளோடு இதுவும் சேர்ந்து, அவ்வாண்டு யூலை மாத இறுதியில் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். அடக்குமுறையின் கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை விசாரணைக்கு வந்து, டொறிங்டன் பதவியிழந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கண்டிக்குட் படை செல்ல வழியில்லை. 1848இலோ கலகக்காரர் மீண்டும் திரளுமுன் படைகள் வந்து சேர்ந்தன. பாண்ஸ் எதிர்பார்த்தபடியே வீதி தன் தொழிலைச் செய்தது.

மாவனல்லைக்கு அருகேயுள்ள உதுவன்கந்தையின் சரதியேல் கதை இவ்வீதியோடு பிணைந்தது. வீதி செல்வத்தைக் கொண்டுசென்றது. செல்வம் சென்ற இடத்திற் கொள்ளையும் தொடர்ந்தது. உள்ளவனைப் பறித்து இல்லாதவனுக்கு ஈந்தான் என மக்கள் அவனைக் கொண்டாடுவர். அக்கொண்டாட்டத்தில் வீதியின் சொந்தக்காரரிடத்து மக்கள் கொண்டிருந்த மனக்கசப்பும் கலந்திருக்கின்றது. 1864 மார்ச் 21ஆந் திகதி அவனைப் பிடிக்கச் சென்றபோது காவலர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைப் பொலிசார் தம்முள் இறந்தோரை நினைவுகூரும் நாளாக அத்திகதியையே கொண்டுள்ளனர். சரதியேல் அவ்வாண்டு மே 7ஆந் திகதி கண்டியிற் தூக்கிலிடப்பட்டான்.

வீதியின் தனியாட்சி 1867இல் முடிவுற்றது. அவ்வாண்டு புகையிரதம் கண்டியை எட்டியது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடிக்கு 1 அடி வீதம் ஏறும் அவ்விருப்புப்பாதை, வீதி கைவிட்ட பலனவையே தன் வழியாகக் கொண்டது விந்தை. அலகல்லை மலையின் விளிம்பில், கீழே நிலமே தெரியாத இடங்களிற் செல்லும் அப்பாதையையும் இக்கணவாயின் பெருமையோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபின், பொல்காவலையில் வண்டி மாறி அவ்வேற்றத்தில் விடியற்குளிரை முதன்முறை உணர்ந்த வடபகுதி மாணவர் பலராவர். கோப்பியைக் கொண்டுசெல்லவே புகையிரதம் வந்தது. வந்த இரண்டாண்டில், 1869இல், இலைநோய் கோப்பியைப் பற்றியது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. வீதி சிலகாலம் வெறிச்சோடிப் பின் மோட்டார் வண்டியால் மறுபிறவி எடுத்தது.

இன்று இது ஏ-1 என எண்ணிட்ட நெடுஞ்சாலை. மாரி காலத்திற் சரிவுகள் இளகி மண்ணும் கல்லும் தளத்தில் விழுவதும், போக்குவரத்து நிறுத்தப்படுவதும் இப்பொழுதும் நிகழ்கின்றன. கான்களை மறந்து சரிவுகளில் வீடும் கடையும் எழுந்தமை அதற்கு ஒரு காரணம். கடுகண்ணாவையில் 2014இற் திறந்த புகையிரத நூதனசாலை உண்டு. டோசன் கோபுரம் இன்றும் நிற்கின்றது. பாறைத் துளையினூடே பெரிய வண்டிகள் புக முடியாமையால் வீதியை அகலித்துப் பாறையின் வெளிப்புறமாகத் திருப்பிவிட்டனர். அரசு கவிழ்ந்ததன் அடையாளமெனப் பேசிய அத்துளை இப்பொழுது வீதியோரத்திற் தனித்திருக்க, மழைக்கு ஒதுங்குவோரும் படம் பிடிப்போருமே அதனுட் செல்கின்றனர். அதன் உட்சுவரின் கல் சொரசொரப்பாகவே இருக்கின்றது.